முத்தியால்பேட்டைக்கு வந்துபோன கோயில் சாவி

1

இந்த ஊரில் என்னைத் தேடி யாரும் வருவதில்லை. சாவியைத் தேடித்தான் வருகிறார்கள்.

கோடை வந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது கதவைத் தட்டுவார்கள். கழுத்தில் கேமரா, காலில் கனத்த பூட்ஸ். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துத் திகைப்பார்கள். பிரான்ஸின் நடுவில், மாடும் புல்லும் மழையும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு கொம்யூனில், அதாவது ஊராட்சியில், பழைய பங்குசாமியார் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கறுத்த மனிதன் கைலி கட்டிக்கொண்டு வந்தால் யார்தான் திகைக்க மாட்டார்கள்? வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். நான் முந்திக்கொண்டு, சாவிதானே என்பேன். அப்போது அவர்கள் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி. அதில்தான் சாவி தொங்கும். முழு இரும்பு, நீளம் ஒரு சாணுக்கு மேலேயே இருக்கும். சட்டைப் பையில் போட்டால் பை கிழிந்துவிடும். நாங்கள் குடிவந்த அன்று வீட்டுச் சாவியோடு இதையும் மேர் என் கையில் கொடுத்தார். கோயில் சாவி எப்போதும் இந்த வீட்டில்தான் இருக்கும், கேட்பவர்களுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கி மாட்டிவிட வேண்டும், அதுதான் வழக்கம் என்றார். மேர் என்றால் யார், மேரி என்றால் எது என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், மேர் ஊரின் தலைவர், மேரி அவர் ஆபீஸ். மேரி கட்டடத்துப் படிகளில் காத்துக் கிடந்து பழகியவர்கள்தானே நாம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ஆணிதான். இன்று திங்கட்கிழமை. காலையில் பார்த்தால் ஆணி காலியாக இருந்தது. அதே சாவி முன்பு ஒரு தடவையும் இப்படிக் காணாமல் போயிருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னால்தான் இன்றைய கதை விளங்கும்.

2

நான் முத்தியால்பேட்டைக்காரன். பெயர் கோவிந்தசாமி. நைனா, என் அப்பா, மில்லில் தறி ஓட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, யாரெல்லாம் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது, தெருவில் நாலு பேர் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று அவரும் எழுதிக் கொடுத்தார். அதனால் நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனேன். பதினைந்து வருஷம் பட்டாளம்.

எழுபதுகளின் கடைசியில் ஓய்வு வாங்கியபோது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, மற்ற சொல்தாக்களைப் போல வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு சாயங்காலம் கடற்கரையில் நடந்திருக்க வேண்டும். அதற்குள் பட்டாளத்துக் கூட்டாளி ஒருவன் குறுக்கே வந்தான். இந்தக் கொம்யூனில் ரோடு பார்க்கிற வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், புல் வெட்டுவது, குழி அடைப்பது, வாய்க்கால் தூர் வாருவதுதான் வேலை, இருக்க வீடும் உண்டு என்றான். ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று தனத்திடம் சொன்னேன்.

தனம் என் மனைவி. உழவர்கரையில் மல்லாட்டை பயிர் செய்கிற குடும்பத்துப் பெண். நான் சொன்னதற்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டினாள்.

அந்த ஒரு வருஷம் இன்னும் முடிந்தபாடில்லை. ஒவ்வொரு தையிலும் இந்த வருஷம் போய்விடுவோம் என்பேன். போகிற வீட்டுக்குக் கனமான சாமான் எதற்கு என்று எதையும் வாங்க விட மாட்டேன். நாங்கள் சாப்பிட்ட மேசை பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டது. துணிமணி பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு தடவை தனம் ஜன்னல் திரைக்கு நூல் வைத்து அளவெடுத்தாள். அடுத்த வருஷம் காலி செய்யப்போகிற வீட்டுக்குத் திரை ஒரு கேடா என்று நான் கத்தினேன். அவள் நூலைச் சுருட்டி எங்கேயோ வைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு ஒரே பெண், மாலதி. இங்கே வந்தபோது அவளுக்கு எட்டு வயது. வந்த வருஷத்திலேயே அவள் தமிழ் கோணிக்கொண்டு போய்விட்டது. "அப்பா, நான் பசிக்குது" என்பாள். நான் திருத்துவேன். என் பிரெஞ்சோ பட்டாளத்து பிரெஞ்சு. வேலையில் சேர்ந்த முதல் நாள் மேருக்கு விறைப்பாக சல்யூட் அடித்து, உத்தரவு கேப்டன் என்று சொல்ல, அவர் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து மாலதி என்னைத் திருத்துகிறாள். இத்தனை வருஷமாக ஒருவரை ஒருவர் திருத்தி, இரண்டு பேருமே திருந்தவில்லை.

3

கோயில் எங்கள் தோட்டச் சுவருக்கு அந்தப்புறம் இருக்கிறது. ஊர் ஒரு காலத்தில் அதைச் சுற்றித்தான் இருந்ததாம். பிறகு ரோடு வந்தது, ரோட்டைத் தேடி ஊர் இறங்கிப் போய்விட்டது. கோயிலும் சாமியார் வீடும் மேட்டிலேயே நின்றுவிட்டன. சென்ற நூற்றாண்டில் கீழே ரோட்டோரமாக அடுப்பு வைத்துச் சூடாக்கிய புதுக் கோயில் கட்டிக்கொண்டார்கள். மேட்டுக் கோயிலில் வருஷத்துக்கு ஒரு பூசை என்று ஆயிற்று. அந்த ஒரு பூசையை வைத்துக்கொண்டிருந்த கிழச் சாமியாரும் போன பிறகு அதுவும் இல்லை. பூட்டித்தான் கிடக்கிறது.

முதல் தடவை திறந்து பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். மாதா கோயில் என்றால் நமக்கு வெளிச்சம். வானத்தைத் தொடுகிற கோபுரம், நீலமும் வெள்ளையுமாகச் சுவர், வண்ணக் கண்ணாடி, திருவிழாவுக்குத் திருவிழா புதுச் சுண்ணாம்பு. இதுவோ சேற்றில் படுத்த எருமை மாதிரி தரையோடு கிடந்தது. குனிந்து நுழைந்தால் உள்ளே இருட்டு. ஜன்னல் என்ற பெயரில் சுவருக்குச் சுவர் ஓர் இடுக்கு. அந்த இடுக்கின் உள்பக்கத் திட்டில் சின்ன மாலதி காலை நீட்டிப் படுப்பாள். சுவர் அவ்வளவு தடிமன்.

இதை ரோமன் பாணி என்கிறார்கள். ரோமாபுரியிலிருந்து யாரும் வந்து கட்டவில்லை. பழைய ரோமர்களின் அரைவட்ட வளைவை இந்தக் கொத்தர்களும் பிடித்துக்கொண்டதால் வந்த பெயர். கட்டி எண்ணூறு வருஷம் இருக்கும். நம் பக்கத்தில் சோழர்கள் ஆண்ட காலம். வாசல் அரைவட்டம், ஜன்னல் அரைவட்டம், பீடத்துக்குப் பின்னால் கோயில் முடிகிற இடமும் அரைவட்டம். கூரை முழுக்கக் கல். ஒரு பீப்பாயை நெடுக்காக அறுத்துக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும்.

அந்தக் கூரையை எனக்கு விளக்கியவர், சாவி கேட்டு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். நம் வீடுகளில் தேக்கு உத்தரம் போட்டு அதன்மேல் செங்கல் அடுக்கித் தளம் போடுகிறோம். பாரம் நேராகக் கீழே இறங்கிவிடும். இங்கே உத்தரம் கிடையாது. ஒரு கல்லை இன்னொரு கல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் பாரம் பக்கவாட்டில் சுவரைத் தள்ளுகிறது. தள்ளத் தள்ளத் தாங்குவதற்குத்தான் இந்தத் தடிமன்; பெரிய ஜன்னல் வைத்தால் சுவர் தாங்காது. அப்படியும் தெற்குச் சுவர் கொஞ்சம் வெளியே சாய்ந்துவிட்டது, பாருங்கள் என்று காட்டினார். சும்மா நிற்பது போலத் தெரிகிற இந்தச் சுவர்கள் எண்ணூறு வருஷமாக ஒரு நாள் கூடச் சும்மா நின்றதில்லை என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கோயிலைப் பிடித்துப்போயிற்று. ஒரே இடத்தில் நின்றுகொண்டு உள்ளுக்குள் வெளியே வெளியே என்று தள்ளிக்கொண்டிருக்கிற ஒன்றை எனக்குப் புரியும்.

வெளிப்பக்கம், கூரை ஓரத்துக்குக் கீழே, வரிசையாகத் தாங்குகற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தலை. நாக்கைத் துருத்துகிற கிழவன், பன்றி, முதுகில் பீப்பாய் சுமக்கிறவன், வாயை இரண்டு கையாலும் கிழித்துக் காட்டுகிற ஒருவன். கோயில் கல்லில் இவ்வளவு குறும்பு எதற்கு என்று வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். தனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணு பட்டுடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

மணிகளுக்காகச் சுவரை உயர்த்தி இரண்டு துளை விட்டிருக்கிறார்கள். ஒன்றில்தான் மணி உண்டு. இன்னொரு மணியைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இறக்கிப் பீரங்கி செய்ய உருக்கிவிட்டார்களாம். அந்தச் சமயத்தில் கோயில் ஒரு விவசாயியின் கைக்குப் போய், அவர் வைக்கோல் அடைத்து மாடு கட்டியிருக்கிறார். மாடு கட்டிய இரும்பு வளையங்கள் வடக்குச் சுவரில் இன்னும் இருக்கின்றன. உழவர்கரைப் பெண்ணுக்கு உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த வளையங்கள்தான். செவ்வாய்க்கிழமைதோறும் அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஐஸ் மாதிரி சில்லிடுகிற கல்லில் வெறுங்காலோடு நடந்து, மூக்குடைந்த ஒரு சுரூபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி, டாலியா பூவைக் கட்டிப் போடுவாள். ஊரில் அந்தோணியாருக்குச் செய்தது. இது எந்தச் சாமி என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

இந்த நாட்டுச் சட்டப்படி இந்த மாதிரிப் பழைய கோயில்கள் கொம்யூனுக்குச் சொந்தம். ஓடு சரிந்து கூரையில் தண்ணீர் இறங்கியபோது செலவு செய்ய மேரியில் பணம் இல்லை. நகரத்துக்காரர் ஒருவர் கோயிலையும் சாமியார் வீட்டையும் சேர்த்து வாங்கி விடுமுறை வீடாக்கிக்கொள்கிறேன் என்றார். பாதிப் பேர் விற்றுவிடலாம் என்றார்கள். மேருக்கு மனசில்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்து, இது காப்பாற்ற வேண்டிய கட்டடம்தான் என்று சொல்லிவிட்டால் விற்பனை நின்றுவிடும். அதற்காக எழுதிப் போட்டுக் காத்திருந்தார். கோயில் போனால் எங்கள் வீடும் போகும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. துரத்தினால் ஊருக்குப் போக ஒரு சாக்கு ஆயிற்று என்றுதான் இருந்தேன்.

4

ஆறு வருஷத்துக்கு முன்பு மாலதி பெரியவளானாள். கூடப் பேச ஒரு பொம்பளை இல்லாமல் தனம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் முன்பே படம் போட்டு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள்தான் அம்மாவைத் தேற்றினாள். கோடை விடுமுறையில் புதுச்சேரிக்குப் போய் மஞ்சள் நீராட்டு வைப்பது என்று முடிவு செய்தோம்.

எனக்கு அந்தப் பயணத்தில் வேறு திட்டம் இருந்தது. இந்த முறை போனால் திரும்புவதில்லை. தம்பி ஏழுமலைக்கு மட்டும் எழுதி, மாடி அறைக்கு வெள்ளையடித்து வைக்கச் சொன்னேன். தனத்திடம் மூச்சு விடவில்லை. சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது சொன்னால் அவளால் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். ஒன்றில்தான் சொதப்பினேன். கிளம்புகிற அன்று காலையில் சுவரிலிருந்து நைனா படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். தனம் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு மாசத்துக்கு மாமா போட்டோ இன்னாத்துக்கு?"

சடங்குல வச்சிக் கும்பிடத்தான் என்று உளறினேன். ஏழுமலை வீட்டு நடுவீட்டில் இதைவிடப் பெரிய படம் மாலை போட்டு மாட்டியிருப்பது அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் உள்ளே போய்விட்டாள்.

முத்தியால்பேட்டையில் இறங்கி, பெண்ணுக்குப் படுக்கை போடும்போது தனம் மாலதியின் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். வயசுக்கு வந்த பெண் வெளியே தெருவே போனால் கையில் இரும்பு இருக்க வேண்டும், காத்துக் கருப்பு அண்டாது என்பது நம் வீடுகளில் உள்ளதுதான். ஏழுமலை துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது இன்னாண்ணா, செஞ்சிக் கோட்டை சாவியா என்றான். பார்த்தால் எங்கள் கோயில் சாவி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கெளம்பற அவசரத்துல கைக்கு ஆப்ட்டது இதான். திருப்பி மாட்டணும்னு மறந்தே பூட்டேனே."

சரி, மேர் எப்படியாவது சமாளிப்பார் என்று விட்டுவிட்டேன். திரும்பிப் போகாதவனுக்கு யார் வீட்டுச் சாவி எங்கே இருந்தால் என்ன?

சடங்கு நன்றாக நடந்தது. பட்டுப் பாவாடை, பூ ஜடை, நலங்கு. மாலதி பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளிடம் சத்தமாகவும் மெதுவாகவும் பேசினார்கள், காது கேளாதவளிடம் பேசுவது போல. கடைசியில் அவள் அம்மாவிடம், நாம எப்ப வீட்டுக்குப் போறோம் என்று கேட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இதான்டி ஒன் வீடு என்று ஏழுமலை பெண்சாதி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். தனம் மட்டும் சிரிக்கவில்லை.

என் நிலைமையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. எதற்கு ஏங்கினேனோ அதற்குள் வந்த பிறகும் கால் தரையில் பாவவில்லை. பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா என் பூட்ஸைப் பார்த்துவிட்டு விலையை ஏற்றினாள். மில் சங்கு ஊதுகிற நேரத்துக்குச் சரியாகப் போய் கேட்டருகே நின்றேன். வெளியே வந்தவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எப்ப திரும்பறீங்க? கடற்கரைப் பக்கம் மாதா கோயிலுக்குள் போனால் கும்பிடத் தோன்றவில்லை. அண்ணாந்து பார்த்து, இந்தக் கூரையின் பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த நேரத்தில்தான் மேரிடமிருந்து தந்தி வந்தது. சாவி எங்கே, அதிகாரி மாதக் கடைசியில் வருகிறார், கோயிலைத் திறந்து காட்டாவிட்டால் விற்பதென்று தீர்மானம் போட்டுவிடுவார்கள் என்று இருந்தது. பூட்டை உடைக்கவும் வழியில்லை. அந்தக் கதவும் அதில் அடித்திருக்கிற கொடி கொடியான இரும்புப் பட்டைகளும்தான் கோயிலில் எல்லாவற்றிலும் பழசு. அதிகாரி முக்கியமாகப் பார்க்க வருவதே அவற்றைத்தான்.

5

பார்சலில் அனுப்பிவிட்டுக் கை கழுவலாம் என்று தபால் ஆபீஸுக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் சாவியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். எதன் சாவி என்று கேட்டார். மாட்டுக் கொட்டகைச் சாவி என்று சொல்லியிருந்தால் அப்போதே வாங்கி முத்திரை குத்தியிருப்பார். என் வாய் சும்மா இருக்கவில்லை. எண்ணூறு வருஷத்துக் கோயிலாக்கும், கல் கூரையாக்கும், பாரிஸிலிருந்து வந்து பார்க்கிறார்களாக்கும் என்று ஆரம்பித்து, நாக்கைத் துருத்துகிற கிழவன் வரைக்கும் போய்விட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்களும் காது கொடுத்தார்கள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சாவியை மெள்ள என் பக்கம் தள்ளினார்.

"நூறு வருசத்துக்கு மேல ஆன சாமான வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா, அது பழம்பொருள் இல்லன்னு சர்ட்டிபிகேட் வாங்கியாரணும் சார்."

இது இந்தியச் சாமானே இல்லை, அங்கே உள்ளது என்றேன். அப்படியானால் இங்கே கொண்டுவந்தபோது கஸ்டம்ஸில் எழுதிக் காட்டிய காகிதம் எங்கே என்றார். தலையணைக்கு அடியில் வைக்க வந்த சாவிக்கு யார் காகிதம் வாங்குவார்கள்? சர்ட்டிபிகேட்டுக்கு மெட்ராஸ் போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். அவர் மேல் குற்றமில்லை. நானாகப் பெருமையடித்து நானாக மாட்டிக்கொண்டேன். அதுவும் எந்தக் கோயிலை விற்றால் எனக்கென்ன என்று இருந்தேனோ, அந்தக் கோயிலைப் பற்றி.

ஏழுமலை இதைக் கேட்டு, ரொம்பச் சுலபமாக வழி சொன்னான்.

"கடல்ல கடாசிட்டு, காணாப்பூடுச்சின்னு தந்தி குடுத்துடுண்ணா. நீ இன்னா திரும்பியா போப்போற?"

சாயங்காலம் சாவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பழைய பாலத்துக்கும் கலங்கரை விளக்குக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தேன். சுண்டல் விற்கிறவன் ஒவ்வொரு தடவையும் என்னை எதிர்பார்த்துப் பொட்டலம் மடித்தான். என் வயதுச் சொல்தாக்கள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் காலியாகவே இருந்தது. அதற்குத்தானே வந்தேன்? கல்லில் ஏறி நின்று துண்டைப் பிரித்தேன். வீச வேண்டும் என்று கையையும் ஓங்கினேன்.

முடியவில்லை. பக்தி என்று நினைக்காதீர்கள். தெற்குச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. ஐப்பசி கார்த்திகை மழை இங்கே எப்படியோ, அங்கே இலையுதிர்கால மழை அப்படி. சரிந்த ஓட்டு வழியாகத் தண்ணீர் இறங்கும், சாய்ந்த சுவர் இன்னும் சாயும். எண்ணூறு வருஷம் தாங்கியதை முத்தியால்பேட்டைக்காரன் ஒருவன் சோம்பலால் தள்ளிவிட்டான் என்றாகிவிடும். எனக்கு அந்த ஊரின் மேல், மேர் மேல், தந்தி மேல் எல்லாம் கோபமாக வந்தது. திரும்ப வந்து தனத்திடம், திரும்புகிற டிக்கெட் தேதிக்கே கிளம்பிவிடலாம், சாவி வந்த மாதிரியே துணியில் சுற்றிப் பையில் போகட்டும் என்றேன். பெட்டியில் பாதி ஏற்கெனவே அடுக்கியாகியிருந்தது. நைனா படம் அடியில், புடவைக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

6

அதிகாரி என்று நான் எதிர்பார்த்தது தொப்பையும் பேனாவுமாக ஓர் ஆளை. வந்தது மழைக்கால பூட்ஸ் போட்ட இளம்பெண். நான் சாவியைப் போட்டுத் திருப்பியதும் அவள் உள்ளே போகவே இல்லை. கதவின் இரும்புப் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு சுவரைச் சுற்றி வந்து, தலைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். உள்ளே மாட்டு வளையங்களுக்குப் பக்கத்தில் நின்று, சுரூபத்தின் கழுத்தில் பூ கட்டியது யார் என்று கேட்டாள். மாலதி என்னை முந்திக்கொண்டு, எங்க அம்மா என்றாள். நீங்கள் எந்த ஊர் என்று அதிகாரி அடுத்துக் கேட்டாள். முத்தியால்பேட்டையில் அத்தனை நாள் அதிகம் வாயைத் திறக்காத பெண், வாசல் வழியே தெரிந்த எங்கள் வீட்டுக் கூரையைக் கையால் காட்டி, இதோ அதுதான் என்றாள். புதுச்சேரி என்று சொல்ல வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன்.

விற்பனை நின்றது. அதற்கப்புறம் காகிதம் மேரியிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து பாரிஸுக்கும், அங்கிருந்து எதையோ சரியாக நிரப்பவில்லை என்று திரும்ப மேரிக்கும் நடந்தது. சரிந்த கூரைமேல் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியவன் நான்தான். காற்றில் பிய்ந்துபோய் வருஷா வருஷம் வேறு கட்டினேன். முதல் தார்ப்பாய் கட்டிய வாரமே தனம் சுருட்டி வைத்த நூலை எடுத்து வந்து ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினாள். நான் கத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு தையிலும் இந்த வருஷம் போய்விடுவோம் என்று சொல்வதை நிறுத்தவுமில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் ஒருவழியாகப் பணம் ஒதுக்கி, தெற்குச் சுவரைப் பிடித்துக் கட்டத் திங்கட்கிழமை ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்திய நாள், அதாவது நேற்று, மாலதி ஊரை விட்டுக் கிளம்பினாள். நர்ஸ் படிப்பு. ரயிலில் அரை நாள் தூரத்து நகரம். போன வருஷத்திலிருந்தே அவள் இங்கே பாதிதான் இருந்தாள். சாப்பாட்டில் உட்கார்ந்தால் கண் கடிகாரத்தில் இருக்கும். கேட்டால் ஒரு வார்த்தை, அதுவும் பிரெஞ்சில். ஸ்டேஷனில் எப்போது வருவாய் என்று கேட்டேன். நொயேலுக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, வரப் பார்க்கிறேன் என்றாள். வரப் பார்க்கிறேன் என்றால் வர மாட்டேன் என்று அர்த்தம். நைனாவுக்கு நான் எழுதிய காகிதங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

திரும்பி நடந்து வரும்போது எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. இனி என்ன, நாம் ரெண்டு பேரும் ஊருக்குப் போய்விடலாம் என்று தனத்திடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பெண்ணை இங்கே விட்டுவிட்டு எந்த ஊருக்குப் போவது?

7

காலையில் வேன் வந்து நின்றது. மேஸ்திரி இறங்கிக் கையை நீட்டினார். நான் உள்ளே வந்து பார்த்தேன். ஆணி காலி.

மேசைக்கு அடியில், கோட்டுப் பைகளில், தோட்டத்தில் எல்லாம் தேடினேன். தனம் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் இங்கும் அங்கும் அலைவதைக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள். பிறகுதான் சொன்னாள்.

"பொண்ணு பையில வச்சிருக்கறேன். காலையிலயே போன் பண்ணிட்டா. சனிக்கெழம கொண்டாந்து குடுக்கறாளாம்."

கோயிலில் ஆள் வந்து நிற்கிறது, சாவியைக் கொண்டுபோய் அவள் பையில் ஏன் வைத்தாய் என்று கத்தினேன்.

"வயசுப் பொண்ண தனியா அனுப்பறோம். இரும்பு இல்லாம எப்பிடி அனுப்பறது?"

"இரும்புன்னா ஒரு ஆணி பத்தாதா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆணிய திருப்பிக் குடுக்க யாருனா வருவாங்களா?"

மறுபடி கீரையை ஆய உட்கார்ந்துவிட்டாள். நான் காலி ஆணிக்கு முன்னால் நின்றேன். முத்தியால்பேட்டையில் அவள் தலையில் அடித்துக்கொண்டது கண்ணுக்கு முன்னால் வந்தது. புடவைக்கு நடுவே இருந்த நைனா படமும், கடற்கரைக் கல்லில் நான் ஓங்கிய கையும் வந்தன. அன்றைக்கு இவள் ஒன்றையும் மறக்கவில்லை.

வெளியே மேஸ்திரி வேன் கதவில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். போய், சாவி சனிக்கிழமைதான் வரும், அதுவரைக்கும் வெளிப்பக்க வேலையைப் பாருங்கள் என்று சொன்னேன்.